டேம் கேப்டனின் நன்றியுரை

ஆகஸ்ட் 8, வெள்ளி

காற்று. ஆடி முடியப் போகிறது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை போல. கடை போர்டு மறுபடியும் கோணல்.

ஒத்துக்கொள்கிறேன். இன்று ஓர் ஆபீசில் நின்றுகொண்டு என் ஜோக்கை நானே வாசித்து நானே சிரித்தேன். சத்தமாக. கிளார்க் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிற அளவுக்கு. சிரித்து முடித்த பிறகுதான் நான் என்ன காகிதத்தைக் கையில் வைத்திருக்கிறேன் என்று உறைத்தது.

போன காரியம் வேறு. பதினைந்தாம் தேதி கமாண்டர் அருளப்பன் ஐயாவுக்கு (இனி க.) பாராட்டு. கடற்படையில் கமாண்டராக இருந்து ஓய்வு பெற்று, இருபத்தைந்து வருஷமாக நம் ஊரில் திராட்சைத் தோட்டம். எழுபத்தொன்றாம் வருஷப் போரில் செய்த வேலைக்கு இப்போது, எழுபத்தாறு வயதில், பாராட்டுச் சான்றிதழ் வந்திருக்கிறது. காலையில் தேனியில் கலெக்டர் கையால். சாயங்காலம் இங்கே, காமயகவுண்டன்பட்டியில், மாதா திருவிழா மேடையில் ஊர் சார்பாக. தொகுத்து வழங்குவது நான். பகலில் உரக்கடை, கூப்பிட்டால் காதுகுத்து, வளைகாப்பு, கல்யாண வரவேற்பு எல்லாவற்றிலும் நகைச்சுவை. ஊரில் ஐந்து பாண்டி இருப்பதால் நான் மைக் பாண்டி.

மேடையில் க.வைப் பற்றி நாலு வரி சரியாகச் சொல்லலாமே என்று அவருடைய மனுவின் நகல் கேட்கப் போனேன். போன வருஷம் அந்த மனுவை நிரப்பிக் கொடுத்ததே நான்தான்.

கிளார்க்: "சார், இதுக்கு முன்னாடியே ஒரு மனு வந்திருக்கே. அதையும் ஜெராக்ஸ் போடவா?"

போட்டார். ஏழு வருஷத்துக்கு முந்தையது. உருண்டை உருண்டையான எழுத்து. க.வின் மனைவி லூர்து டீச்சர் எழுதியது. எனக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்தவர், இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதே எழுத்தில்தான் என் ரேங்க் கார்டில் "பேச்சைக் குறைக்கவும்" என்று இருக்கும்.

அதன் பின்னால் விசாரணை அறிக்கை: "மேற்படி நபரைப் பற்றிக் கிராமத்தில் விசாரித்ததில், அவர் பொதுமக்களால் 'டேம் கேப்டன்' என அழைக்கப்பட்டு வருவதும், வைகை அணைப் பூங்காவில் படகு ஓட்டி வந்தவர் என்பதும் தெரியவருகிறது. போரில் பங்குபெற்றதாகக் கூறப்படுவதற்கு உள்ளூரில் ஆதாரம் இல்லை." மனு திருப்பி அனுப்பப்பட்டது.

இதற்குத்தான் சிரித்தேன். இருபது வருஷமாக நான் மேடையில் சொல்லும் ஜோக். "என்பதும் தெரியவருகிறது" என்று முடிந்தபோது அதற்கு என்ன ஒரு கம்பீரம்.

அப்புறம் வெயிலில் வந்து நின்றேன். பஸ் வந்தது. ஏறாமல் விட்டேன். அடுத்ததும் வந்தது.

ஆகஸ்ட் 9, சனி

காற்று. திராட்சைக்கு அடிக்கிற நனையும் கந்தகம் நாலு பெட்டி வந்தது. இரண்டு பெட்டி மூலையில் நசுங்கல், ஏஜென்சிக்குப் போன். ஜெராக்ஸ் தாளைக் கந்தகப் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறேன். செ. (என் மனைவி செல்வி) அந்த நாற்றத்துக்கு அந்தப் பக்கமே வர மாட்டாள்.

அந்த ஜோக்கை எழுதி வைக்கிறேன், பார்க்க எப்படி இருக்கிறதென்று:

எங்க ஊர்ல ஒரு கேப்டன் இருக்காக. போர்ல போட்டு ஓட்டுனவுக. எந்தக் கடல்னு கேட்டேன். வைகை டேம் பூங்கான்னாக. என்ன போட்டுன்னு கேட்டேன். பெடல் போட்டு. சண்டை நடந்துச்சான்னு கேட்டேன். நடந்துச்சு, அரை டிக்கெட்டுக்கு. (இங்கே மைக்கில் ஊதி அலைச் சத்தம்.) கால்சட்டையக் கயித்துல கட்டியிருக்கீகளேன்னு கேட்டேன். பெடல் மிதிக்கத் தோதா இருக்குமாம்.

எழுதினால் ஒன்றுமே இல்லை. மேடையில் கைத்தட்டல் ஒரு நிமிஷம் நிற்கும். லூர்து டீச்சரே ஒரு முறை கடைக்கு வந்து, குடையை மடக்காமல் வாசலிலேயே நின்று, "பாண்டி, அந்த போட்டு ஜோக்க இன்னும் சொல்லிக்கிட்டுதான் இருக்கியா?" என்று விசாரித்தார். "ஆமா டீச்சர், நல்லாப் போகுது" என்றேன். "ம்" என்றார். டீச்சர் வாயால் ஒரு "ம்" வாங்குவது லேசு இல்லை என்று அன்று எனக்கு ஒரே பெருமை.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் புரியாது. இங்கே ஞானஸ்நானப் பேரைச் சொல்லி ஆளைத் தேட முடியாது. அருளப்பன் மட்டும் ஆறு பேர். பட்டப்பேர்தான் விலாசம். பட்டப்பேருக்கு ஒரு கதை இருக்கும், அந்தக் கதைதான் சாதிச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம். விசாரிக்க வந்தவர் "போருக்குப் போன அருளப்பன்" என்று கேட்டிருப்பார். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. "கப்பல்ல இருந்தாகளே" என்றதும் "அட, டேம் கேப்டனா!" என்று ஊரே கையை நீட்டியிருக்கும். பேரோடு கதையும் போயிருக்கும். அந்தப் பேரை வைத்தவன் இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறான்.

மதியம் க. வந்தார். வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பில் விரல் வைத்தால் வெட்டும். கையில் நாலு தாள்.

"ஏலே பாண்டி, நன்றியுரைய இங்கிலீஷ்ல எழுதிட்டேன். தமிழ்ல எழுதுனா என் எழுத்த நானே படிக்க முடியாது. நீதான் எழுதித் தரணும்."

"தாங்கய்யா, எழுதிருவோம்."

"ஜோக்கு கீக்கு சேத்துறாத."

சிரித்துவிட்டுப் போனார். படித்தேன். கடைசிப் பத்தி: இந்த மனுவை எழுதி, என் மனைவியின் ஆசையை நிறைவேற்றிய பாண்டிக்கு என் வாழ்நாள் நன்றி.

அதாவது எனக்கு நானே, என் கையால், அழகான தமிழில், வாழ்நாள் நன்றி எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தூறல். கடை அரை நாள். நன்றியுரை எழுத உட்கார்ந்தேன்.

எழுதியவை: "பெரியோர்களே". அடித்தேன். "அன்பார்ந்த ஊர் மக்களே". அடித்தேன். டீ. "வணக்கம்". இரண்டாவது டீ.

க.வின் தாளில் பெரும்பகுதி எனக்கு ஏற்கெனவே தெரிந்த கதை. அதுதான் கேவலம். அவர் ஊருக்கு வந்த புதிதில் மருந்தடிக்கும் மெஷின் பழுதென்று தோட்டத்துக்குப் போயிருந்தேன். பந்தலுக்கடியில் குந்தி நான் வாஷர் மாற்ற, அவர் பக்கத்தில் குந்தி, எதற்கென்று தெரியவில்லை, சொல்ல ஆரம்பித்தார்.

"சண்டை முடிஞ்சதுன்னு ரேடியோல சொல்லியாச்சு. எங்களுக்கு அப்பத்தான் ஆரம்பம். ஆத்துவாயில கண்ணிவெடி போட்டு வச்சிருந்தான். இரும்பு கிட்ட வந்தா வெடிக்கும். அதனால மரத்துல ஒரு சின்ன போட்டு. அஞ்சு பேரு. இடுப்புப் பெல்ட்டுல பக்கிள் இருக்குமில்ல, அதக்கூடக் கழட்டிட்டோம். கால்சட்டையக் கயித்துல கட்டிக்கிட்டுப் போனோம்."

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு:

"மூணாம் நாளு. தங்கச்சன்னு ஆலப்புழைப் பையன். முன்னால உக்காந்திருந்தான். அப்புறம் அந்த போட்டுக்கு முன்பக்கம்னு ஒண்ணு இல்ல."

வாஷர் மாற்றி முடித்தேன். மெஷின் ஓடியது. ஊரில் டீச்சரைத் தவிர இந்தக் கதை தெரிந்த ஒரே ஆள் நான். அதிலிருந்து கயிற்றையும் சின்ன போட்டையும் எடுத்துக்கொண்டேன். தங்கச்சனை அங்கேயே விட்டுவிட்டேன். அவனுக்குச் சிரிப்பு வராதே.

சாயங்காலம் பின்வாசலில் செ. நின்றாள். கையில் ஜெராக்ஸ். எலி மருந்து தேடினாளாம்.

"என்னங்க இது?"

"பழைய தாளு."

"டேம் கேப்டன்னு இருக்கு?"

"அந்த ஆளு விசாரிச்சு எழுதியிருக்கான். நான் என்ன பண்ண?"

"எழுதுனது அந்தாளு. சொன்னது யாரு?"

"ஊருதான் சொல்லிருக்கு."

"ஊருக்குச் சொன்னது யாருங்க?"

போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள். தாளை என் முன்னால் வைத்து, மேலே ஒரு டம்ளரையும் வைத்துவிட்டுப் போனாள், காற்றில் பறக்காமலிருக்க.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெயில், காற்று. பொட்டாஷ் தட்டுப்பாடு.

இன்று நானே ஒரு விசாரணை நடத்தினேன். நோக்கம் உன்னதமானது: என்னைத் தவிர வேறு ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பது. டீக்கடை கருப்பையாவிடம் தொடங்கினேன்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி கேப்டனப் பத்தி ஆபீஸ்லருந்து விசாரிக்க வந்தாகளே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம? இங்கன, இந்தப் பெஞ்சுலதான் உக்காந்தாக. வடை சூடா இருக்கான்னு கேட்டாக."

"என்ன சொன்ன?"

"சூடா இருக்குன்னேன்."

"கேப்டனப் பத்தி?"

"டேம்ல போட்டு ஓட்டுனவுகன்னேன். கையெழுத்தும் போட்டேன்."

"ஏலே, அது ஜோக்குடா!"

"தெரியும்ணே. சிரிச்சோம்ல. ஆனா நீங்க அவுக தோட்டத்துக்கெல்லாம் போயிட்டு வர்ற ஆளு. கயிறு கட்டுன கால்சட்டைன்னு அம்புட்டு விவரமாச் சொன்னா, தெரிஞ்சுதான சொல்றீகன்னு… சிரிச்சுக்கிட்டே நம்பிட்டோம்ணே."

கருப்பையா குற்றவாளி இல்லை. அடுத்து யாரிடமும் கேட்கவில்லை.

இரண்டு டீக்கும் அவன் காசு வாங்கவில்லை. அது இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடை போர்டு விழுந்தே விட்டது. யாருக்கும் அடி இல்லை. ஒரு கோழிக்கு மானபங்கம்.

சின்னமனூரிலிருந்து போன். ஆவணிக் கல்யாணம், வரவேற்பில் அரை மணி நேரம் பேச வேண்டும். "மைக்கண்ணே, அந்த டேம் கேப்டன் ஜோக்கு கட்டாயம் வேணும். மாப்பிள்ளயோட அப்பா அதுக்குத்தான் உங்களயே கேக்குறாக."

நான் சொன்னது: "பாக்கலாம் தம்பி."

"முடியாது" என்று சொல்லவில்லை. வாய்க்கு வந்தது அது. இங்கே குறித்து வைக்கிறேன்.

நன்றியுரை முக்கால்வாசி முடிந்தது. நன்றாகவே வந்திருக்கிறது. தங்கச்சன் வரும் இடத்தில் என் பேனா தன்னால் நின்றது. மேடையில் அந்த இடத்தில் க. நிற்பார், தண்ணீர் குடிப்பார், அதற்கு ஓர் இடைவெளி விட வேண்டும் என்று தோன்றியது. தொழில் புத்தி. ஒருவனுடைய சாவுக்கு எத்தனை விநாடி விடலாம் என்று கணக்குப் போடுகிறவனை என்ன சொல்வது.

செ. திருச்செந்தூர்ப் பேச்சை எடுத்தாள். கல்யாணமான வருஷத்து வேண்டுதல், இன்னும் பாக்கி. கடையைக் காரணம் காட்டினேன். மதுரையைத் தாண்டிப் பஸ் என்றால் என் வயிற்றுக்கு ஆகாது என்பதையும் வழக்கம்போல் சேர்த்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

காற்று கொஞ்சம் அடக்கம்.

காலையில் க. வீட்டுக்குப் போனேன், சுத்தப் பிரதியோடு. கடைசிப் பத்தியை விட்டுவிட்டு எழுதியிருந்தேன். கவனிக்க மாட்டார் என்று நினைத்தேன். கடலில் வெடியைத் தேடிப் பிழைத்தவர்.

"உன் பேரு எங்கலே?"

"அது எதுக்குங்கய்யா. நான் என்ன பண்ணிட்டேன்? பாரத்த நிரப்புனேன், ரிஜிஸ்டர் தபால் போட்டேன்."

"அடக்கமா? உனக்கா?"

நான் சிரித்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்திருந்தது. பின்னால் டீச்சர் படம், மல்லிகைச் சரம். டீச்சர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், பேச்சைக் குறைக்கவும் என்கிற அதே பார்வை. ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு முதல் முறையாகக் கீழ்ப்படிந்தேன்.

க. சொன்னார்: "பாண்டி, அவ கடசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தா. 'அந்தத் தாளு வந்துச்சா'ன்னு. மொத மனுவுக்குப் பதிலே வரலடி, சர்க்கார்னா அப்படித்தான்னேன். பதில் போடணும்னுகூடத் தோணல பாரு அவங்களுக்கு."

பதில் வராமல் இல்லை. வந்திருக்கிறது. பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பியதாக ஜெராக்ஸில் முத்திரையே இருக்கிறது. யார் வாங்கினார்கள்?

பிறகு மேடை ஒத்திகை. படிக்கிறார், நான் கேட்கிறேன். நடுவில் நிறுத்தி: "நீ மேடையில அலச் சத்தம்னு மைக்குல ஊதுவியாமே. உள்ள போயிட்டா அப்படியெல்லாம் கேக்காதுடா. என்ஜின் சத்தம்தான். என்ஜினயும் நிறுத்திட்டா, ஒண்ணுமே கேக்காது. அதுதான் பயம்."

அப்படியானால் ஜோக் அவருக்குத் தெரியும். அவர் சாதாரணமாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

செய்ய வேண்டியவை:
1. மாலை, சால்வை. (முடிந்தது)
2. மைக் செட். (நேரம் மாற்றினான். திட்டினேன்)
3. பங்குச் சாமியாரிடம் பூசை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்க. (முடிந்தது)
4. க.விடம் சொல்ல.

நாலாவதற்காக இரண்டு முறை கிளம்பினேன். முதல் முறை தோட்டத்தில் ஆட்கள். இரண்டாவது முறை யாருமே இல்லை. அதனால் திரும்பிவிட்டேன்.

செ.: "சொல்லியாச்சா?"

"நாளைக்கு அவுகளுக்கு நல்ல நாளு. கெடுக்கணுமா?"

"அவுக நல்ல நாளா, உங்க நல்ல நாளா?"

சோறு இறங்கவில்லை என்று எழுதினால் பொய். ரசம் இரண்டு முறை வாங்கினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கொடி ஏற்றும்போது மட்டும் காற்று நின்றது. பூ விழுந்தது, கொடி விரியவில்லை. ஓர் அதிகாரி முகத்தில் ஈயாடவில்லை. பிறகு ஒரே அடி, படபடவென்று விரிந்தது.

தேனி. க. பழைய மெடல்களைக் குத்திக்கொண்டு வந்தார். கலெக்டரம்மா சான்றிதழைக் கொடுத்து, "உங்களைக் காக்க வச்சிட்டோம், மன்னிக்கணும் சார்" என்றார். அவர் ஏன் மன்னிப்புக் கேட்க வேண்டும்? மூன்றாவது வரிசையில் நான் நாற்காலியோடு சுருங்கினேன்.

காரில் திரும்பும்போது க. சான்றிதழை மடியிலேயே வைத்திருந்தார். சொல்லலாம் என்று இரண்டு தடவை கனைத்தேன். டிரைவர் கண்ணாடியை ஏற்றினான், எனக்குச் சளி என்று.

சாயங்காலம் பூசை முடிந்து மேடை. கூட்டம் நல்ல கூட்டம், மாதாவுக்கு வந்தது, கமாண்டருக்கும் உட்கார்ந்தது. நான் நாலு வரி சொன்னேன். ஜோக் இல்லை. ஜனங்களுக்கு ஏமாற்றம், முகத்தில் தெரிந்தது.

க. எழுந்தார். நான் எழுதிக் கொடுத்த தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

"எனக்கு மேடையில பேசத் தெரியாது. நாங்க அஞ்சு பேரு போன போட்டுக்குப் பேரு கிடையாது. அதுக்கு நம்பர் இருந்துச்சு, அதுவும் அழிஞ்சிருச்சு. நான் சொன்னாத்தான் அப்படி ஒரு போட்டு உண்டு. நான் செத்துட்டா கிடையாது. இந்தத் தாள்ல நாலாவது வரியில 'ஒரு சிறு மரப்படகு'ன்னு எழுதியிருக்கு. சர்க்கார் கையெழுத்துப் போட்டிருக்கு. அதுக்குத்தான் நன்றி. மெடலுக்கு இல்ல. அந்த போட்டு இருந்துச்சு. தங்கச்சன் அதுல இருந்தான். இனிமே யாரும் இல்லன்னு சொல்ல முடியாது."

தண்ணீர் குடிக்கவில்லை. நான் விட்டிருந்த இடைவெளியை அவர் பயன்படுத்தவே இல்லை.

"இத லூர்து பாக்கல. அவ ஆசப்பட்டத முடிச்சு வச்சது நம்ம பாண்டி. அவனுக்கு நான் உசுரு உள்ள வரைக்கும் கடன்பட்டிருக்கேன்."

கைத்தட்டல். பின்னாலிருந்து எவனோ, அன்போடுதான், "டேம் கேப்டன் வாழ்க!" என்றான். கூட்டம் முழுக்கச் சிரிப்பு. க.வும் சிரித்தார்.

உண்மையை எழுதிவிடுகிறேன். அந்தச் சிரிப்பு வந்ததும் எனக்கு முதலில் உள்ளுக்குள் குளிர்ந்தது. என் ஜோக்குக்கு வந்த சிரிப்பல்லவா. வெட்கம் அதற்குப் பின்னால்தான் வந்தது, ஓர் அடி தாமதமாக, எப்போதும்போல.

பதினொரு சால்வையையும் சுமந்துகொண்டு அவரை வீடு வரை விடப் போனேன். இருட்டத் தொடங்கியிருந்தது. சால்வைகளை நாற்காலியில் வைத்தேன். சட்டைப் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து நீட்டினேன். பேசவில்லை. பேச்சில் நான் ஏதாவது செய்துவிடுவேன்.

கண்ணாடி தேடினார். போட்டார். படித்தார். மேலிருந்து மறுபடியும் படித்தார்.

"இது அவ எழுத்து."

"ஆமாங்கய்யா."

"படகு ஓட்டி வந்தவர்… அந்த போட்டுக் கதைய நான் ஒங்கிட்ட மட்டும்தான சொன்னேன்."

"ஆமாங்கய்யா. நான்தான்."

"மேடையில பேசுறன்னு தெரியும். பேசிட்டுப் போறான்னு விட்டுட்டேன். இது தெரியாது." தாளைத் திருப்பி முத்திரையையும், அதனடியில் நான் கவனிக்காமல் விட்ட ஒப்புகைக் கையெழுத்தையும் பார்த்தார். "இது திரும்பி வந்தப்ப அவ இருந்தாளா?"

"இருந்தாகய்யா."

"கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கா. எங்கிட்ட காட்டலியே."

அவ்வளவுதான். படத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் ஏதோ சொன்னேன், என்ன என்று நினைவில்லை, அவர் காதிலும் விழவில்லை.

வரும் வழியில்தான் உறைத்தது. குடை. மடக்காமல் நின்ற குடை. "அந்த போட்டு ஜோக்க இன்னும் சொல்லிக்கிட்டுதான் இருக்கியா?" அதுவும் ஏழு வருஷத்துக்கு முன்னால்தான். கடை போர்டு புதிதாக மாட்டிய வாரம். அன்று டீச்சரின் கையில் ஒரு பழுப்புக் கவர் இருந்தது. என்னிடம் காட்டுவதற்காகவே வந்திருக்கிறார். நான் "நல்லாப் போகுது" என்றேன்.

அதன் பிறகு கணவரிடம் பதிலே வராதது போல் காட்டிக்கொண்டு, வந்துச்சா வந்துச்சா என்று ஐந்து வருஷம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டாவது மனு போட வைக்கவா? என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கவா? தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னை முதன்முதலாக மேடையில் ஏற்றியவர் அவர்.

ஆகஸ்ட் 16, சனி

கடை திறந்தேன். வியாபாரம் சுமார். க. வரவில்லை. சனிக்கிழமைதோறும் வருகிறவர்.

சின்னமனூர்க்காரருக்குப் போன் செய்து அந்த ஜோக் இனி இல்லை என்றேன். "அப்ப யோசிச்சுச் சொல்றோம்ணே" என்றார். யோசிக்கட்டும்.

செ. கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த நோட்டைப் படிக்கிறாள் என்று வெகுநாள் சந்தேகம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. காற்று சுத்தமாக இல்லை. போர்டை நேராக மாட்டினேன், இனிமேல் நேராக இருந்து என்ன.

பத்து மணிக்குக் க. வந்தார். அதே இஸ்திரி. "நனையுற கந்தகம் ஒரு கிலோ." எடை பார்த்தேன், கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை. அவரே வாங்கி முடிச்சுப் போட்டார். கடற்படை முடிச்சு, கத்தி இல்லாமல் பிரிக்க முடியாது.

"ஐயா, அந்த ஜோக்க இனிமே சொல்ல மாட்டேன்."

"ம்."

டீச்சரின் "ம்" மாதிரியே. வீட்டில் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்வார்கள் போல.

"இனிமே உங்ககிட்ட ஒரு பொய் சொல்ல மாட்டேங்கய்யா. எங்க ஆத்தா மேல சத்தியமா."

படியிறங்கினார். நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"அந்த அலச் சத்தம் ஊதுவியே. ரொம்ப நாளாக் கேக்கணும்னு. நீ கடல் பாத்திருக்கியா பாண்டி?"

"பாத்திருக்கேங்கய்யா. திருச்செந்தூர்ல."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். உள்ளே செ. பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

நான் இதுவரை கடலைப் பார்த்ததில்லை.